பையைத் தோளில் மாட்டிய பிறகு வரும் வேலை

மாலை 5.50. டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டியாயிற்று. தாம்பரம் வண்டியைப் பிடித்துவிட்டால் ஏழு மணிக்குள் வீடு. அப்போதுதான் அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். “அக்கா, நம்ம பர்ச்சேஸ் ஜிஎஸ்டிஆர்-2பி-யோட டேலி ஆகமாட்டேங்குது. ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?”

“நாளைக்குப் பாக்கலாம்மா” என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டேன். அன்று 20-ந்தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். நாளைக்கு என்ற சொல்லுக்கு அன்று அர்த்தமே கிடையாது என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் பார்த்தேன். ஒரே பில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் இரண்டு முறை ஏறியிருந்தது. ஒன்றில் பில் நம்பருக்கு நடுவே கோடு, மற்றதில் கோடு இல்லை. ஐந்து நிமிட வேலை. அவள் இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து தேடியிருக்கிறாள். தாமதக் கட்டணம் சிறியதுதான், கட்டிவிட்டோம். ஆனால் அடுத்த மூன்று மாதம் அவள் யாரிடமும் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இன்றும் அது மனதை அறுக்கிறது.

வசதியான நேரத்தில் உதவுவது எல்லோராலும் முடியும். இயேசுவைப் பின்பற்றுகிறோம் என்று சொல்பவர்களுக்கு வேலை ஆரம்பமாவது, வசதிப்படாத நேரத்தில்தான். யவீரு என்பவரின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், இயேசுவோடு எல்லோரும் அவர் வீட்டுக்கு அவசரமாகப் போகிறார்கள். அந்த நெரிசலில் 12 வருடமாக உதிரப்போக்கால் தவித்த ஒரு பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். யார் தொட்டது என்று தேடி, அவள் சொல்வதை முழுவதும் கேட்கிறார். யவீருவுக்கு அந்த நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆனாலும் அவர் யவீருவின் வீட்டுக்குப் போகாமல் விடவில்லை.

சரி, அலுவலகத்தில் இதை எப்படிச் செய்வது?

முதலில் தலையை நிமிர்த்துங்கள். திரையைப் பார்த்தபடியே “சொல்லு” என்பதும் ஒருவகை மறுப்புதான். அடுத்து ஒரே கேள்வி: “எப்போ வேணும்?” பாதி நேரம் “நாளைக் காலையில போதும்” என்றுதான் பதில் வரும். இப்போதே வேண்டும் என்றால், உங்களிடம் இருப்பதை நேராகச் சொல்லுங்கள்: “எனக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கு, உட்காரு.” அந்தப் பதினைந்து நிமிடமும் முழுசாக அவருடையதாக இருக்கட்டும், மணியைப் பார்க்க வேண்டாம். மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பிடுங்கிச் செய்துகொடுத்தால் அடுத்த மாதமும் அதே நேரத்துக்கு வந்து நிற்பார்.

முடியாவிட்டால்? இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையின் பின்பாதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அடிபட்டவனுக்குக் காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, அன்று இரவு பார்த்துக்கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தைக் கொடுத்து, மேலே ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்கிறான். வேலையை ஒப்படைப்பது என்றால் இதுதான். “அவரைப் போய்க் கேளு” என்று கைகாட்டிவிடாமல், அவரிடம் நீங்களே பேசிச் சேர்த்துவிடுங்கள். மறுநாள் “என்ன ஆச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எம்.டி. கூப்பிட்டால் வண்டியைத் தவறவிட்டாவது ஓடுகிறோம், அது சேவைக் கணக்கில் வராது. ஹவுஸ்கீப்பிங் அம்மா பி.எஃப். பணம் எடுக்கும் படிவத்தோடு வந்து தயங்கி நிற்கும்போது என்ன செய்கிறோம்? செக்யூரிட்டி அண்ணன் பையனுடைய கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் போடத் தெரியாமல் கேட்கும்போது? விருந்துக்கு அழைப்பதானால் திருப்பி அழைக்க முடியாதவர்களை அழையுங்கள் என்றார் இயேசு. அலுவலகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உதவி முடிந்ததும் கையில் துண்டுப்பிரசுரம் திணிக்காதீர்கள். தூண்டிலில் கோத்த உதவி உதவியாகாது.

சேவையின் பெயரால் ஏறி மிதிக்கிறவர்களும் உண்டு. தினமும் தன் வேலையை உங்கள் மேஜைக்குத் தள்ளுகிறவருக்கு “இல்லை” என்று சொல்லலாம். கப்பர்நகூமில் எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, இயேசு அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். ஓவர்டைம் கொடுக்காமல் வேலை வாங்க முதலாளி “சேவை மனப்பான்மை” என்று பேசினால் அது சுரண்டல்தான். பிரிவுபசார விழா, மீட்டிங் டீ என்று எல்லாம் பெண்கள் தலையிலேயே விழுந்தால், அதையும் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

உதவ மனம் இருந்தும் முடியாமல் போவதும் உண்டு. ஐடா ஸ்கடர் கதை வேலூர் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்த இளம்பெண். அமெரிக்கா திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரை வீட்டுக்குள் விட அந்தக் கணவர்கள் சம்மதிக்கவில்லை, ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இங்கே திரும்பினார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மனம் மட்டும் இருந்து கைக்கு வேலை தெரியாவிட்டால் உதவ முடியாது. எந்தச் சந்தேகத்தோடு உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள், எதில் நீங்களும் கைவிரிக்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். அடுத்து நீங்கள் கற்க வேண்டியது அதில் இருக்கும்.

கடைசியாக, வீடு. நாம் தாமதிக்கும் அரை மணி நேரத்துக்கு அங்கே யாரோ விலை கொடுக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் 20-ந்தேதி காலையிலேயே வீட்டில் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு எட்டு மணி ஆகும் என்று. “சரி, நான் மாவு வாங்கி வெச்சிடறேன்” என்பார் கணவர். மூன்று மணிக்கு நானே அந்த அக்கவுண்ட்ஸ் பெண்ணின் மேஜைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.