துல்பா: திபெத்து ரகசியமும் அல்ல, குட்டிச்சாத்தானும் அல்ல

வாலாஜாபாத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. இத்தனை கூட்டத்திலும் பேச ஆள் கிடைப்பதில்லை. ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர் ஷிப்டுக்குக் கிளம்புகிறார். அந்த நேரத்தில் செல்போனில் கண்ணில் படுகிறது துல்பா என்ற சொல். மனத்தை ஒருமுகப்படுத்தி, உருவமும் குரலும் குணமும் கொடுத்து, தானாகப் பேசும் ஒரு துணையை உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்ளும் பழக்கம் அது. அதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி பயமுறுத்தல், பாதி ஆசைகாட்டல். இரண்டுமே இந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல்.

நம்பிக்கை: இது லாமாக்களின் பழைய ரகசிய வித்தை.

உண்மை: புத்தர்களும் போதிசத்துவர்களும் உயிர்களுக்கு உதவப் பல உருவம் எடுப்பார்கள் என்பது திபெத்திய பௌத்தத்தின் நம்பிக்கை. தியானத்தில் தெய்வ வடிவை மனக்கண்ணில் எழுப்பும் சாதனையும் அங்கே உண்டு. ஆனால் எழுப்பிய வடிவை முடிவில் சூனியத்தில் கரைத்துவிடுவார்கள். பேச்சுத்துணைக்கு ஓர் ஆளை உண்டாக்கி வைத்துக்கொள்வது அவர்கள் நோக்கம் இல்லை. இன்றைய துல்பாவின் பெரிய வேர் ஒன்று சென்னை அடையாற்றில் இருக்கிறது. பிரம்மஞான சபை 1882இல் அங்கே குடியேறியது. எண்ணங்கள் வடிவமும் நிறமும் பெற்று வெளியே உலவும் என்று சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் படங்களோடு ஒரு புத்தகமே எழுதினார்கள். அந்தச் சபையில் உறுப்பினரான பிரெஞ்சுப் பெண்மணி அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் 1911இல் இலங்கை வழியாக இங்கே வந்தார், புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தார், பின்பு இமயம் ஏறி 1924இல் லாசாவை எட்டினார். 1929இல் பிரெஞ்சில் வெளிவந்த அவருடைய நூலில்தான் துல்பா உலகுக்கு அறிமுகமாயிற்று. இந்தக் கருத்து திபெத்தைவிடப் பிரம்மஞானத்துக்கே அதிகம் கடன்பட்டது என்று நட்டாஷா மிக்கில்ஸ், ஜோசப் லேகாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

மனத்துக்குள் கட்டுவதற்கு நமக்கு வேறு நாட்டு வித்தை வேண்டியதும் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடைக்காமல் சிவனுக்கு உள்ளத்திலேயே கோயில் கட்டியதையும், காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவனிடம் இறைவன் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொன்னதையும் பாடிய சேக்கிழார், பக்கத்தில் குன்றத்தூர்க்காரர். பூசலார் கட்டியது தனக்கென வைத்துக்கொள்ள இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம்பிக்கை: நாம் உண்டாக்கியது நாம் சொன்னபடி கேட்கும்.

உண்மை: இதற்குச் சாட்சி அந்த டேவிட்-நீலே. குள்ளமான, பருத்த, கள்ளமில்லாத, சிரித்த முகமுள்ள ஒரு துறவியை அவர் தேர்ந்தெடுத்தார். சில மாதத் தனிமைத் தியானத்தில் உருவம் நிலைபெற்றது. பயணத்திலும் அது கூடவே வந்தது. அவர் நினைக்காமலே நின்றது, நடந்தது, சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு குணம் மாறத் தொடங்கியது. பருத்த முகம் வற்றியது, பார்வையில் ஏளனமும் வஞ்சகமும் ஏறின. அதைக் கரைக்க ஆறு மாதம் போராட வேண்டியிருந்தது என்கிறார். தன் மனமே தனக்கு உண்டாக்கிய பொய்த்தோற்றமாக இருக்கலாம் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இதில் மாயம் ஏதும் தேவையில்லை. லைனில் மாதக்கணக்கில் ஒரே போல்ட்டை முடுக்கியவர் கை, மனம் ஊரில் இருக்கும்போதும் வேலை செய்கிறதல்லவா? திரும்பத் திரும்பக் கற்பனை செய்த பேச்சும் அப்படித்தான் தானாக ஓடத் தொடங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் உடனிருந்தவர்களும் 50 கதாசிரியர்களைக் கேட்டார்கள். தங்கள் பாத்திரங்கள் தம் விருப்பப்படி நடப்பதை ஏதோ ஓர் அளவில் உணர்ந்ததாகச் சொன்னவர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல்.

நம்பிக்கை: அப்படியானால் அது தனி உயிர்.

உண்மை: உண்டாக்கியவர் மூளைக்கு எட்டாத எதையும் ஒரு துல்பா அறிந்து சொன்னதாக நிரூபணம் இல்லை.

நம்பிக்கை: உயிரில்லாததற்கு என்ன தர்மம், என்ன நியாயம்? எந்தக் குணத்தையும் கொடுக்கலாம்.

உண்மை: மிகவும் தவறான நம்பிக்கை இதுதான். ஓர் ஆளை நம் இஷ்டத்துக்கு வார்க்கும் ஆசை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு அடையாற்றிலேயே ரத்தமும் சதையுமான சாட்சி உண்டு. 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் கண்ணில் பட்டவர் சபை ஊழியர் நாராயணய்யாவின் மகன், பள்ளிச் சிறுவன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. தாங்கள் எதிர்பார்த்திருந்த உலக குரு இந்த உடலில்தான் எழுந்தருளப் போகிறார் என்று சபையினர் முடிவு செய்தார்கள். அவர் உண்ணும் முறை, உடுத்தும் உடை, பேசும் ஆங்கிலம், நண்பர்கள் எல்லாம் பெரியவர்கள் வகுத்தபடி ஆயின. மகனைத் திரும்பக் கேட்டுத் தகப்பனார் 1912இல் வழக்குப் போட்டார். சென்னையில் வென்றார், 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். கடைசியில் மகனே முடிவெடுத்தார். தனக்காக ஏற்படுத்திய நட்சத்திர சங்கத்தை 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கலைத்தார். வார்த்தவர்கள் எண்ணிய ஆளாக இருக்க மறுத்தார்.

கிருஷ்ணமூர்த்திக்கு எழுந்து மறுக்கத் தன் வாய் இருந்தது. மனத்துக்குள் இருப்பதற்கு அது இல்லை. மறுக்க முடியாத ஓர் ஆளோடு இரவும் பகலும் பழகுபவருக்கு என்ன ஆகும் என்பதே என் கவலை. எதற்கும் தலையாட்டும் காதலியை உள்ளே வைத்திருப்பவருக்கு, வேண்டாம் என்று சொல்லும் உண்மையான பெண்ணைப் பொறுக்கும் பழக்கம் விட்டுப்போகும். எந்நேரமும் திட்டி விரட்டும் குரலை வைத்திருப்பவர், சூப்பர்வைசரை அறைக்கே கூட்டிவந்து குடிவைத்தவர் ஆகிறார். இவை இரண்டையும்விட மோசமானது, உயிரோடு இருக்கும் ஒருவரை நகலெடுப்பது. நம்மை மறுத்துப்போன பெண்ணின் முகத்தையும் குரலையும் எடுத்து, அவர் சொல்லாததைச் சொல்லவைப்பது அவருக்கு இழைக்கும் அநியாயம். அது அவருக்குத் தெரியவரப் போவதில்லை என்பதால் நியாயமாகிவிடாது. இறந்த தாயை அப்படி எழுப்புவதையும் நான் ஏற்க மாட்டேன். அழுது தீர்க்க வேண்டிய துக்கம் அதனால் தள்ளிப்போகிறது. எவ்வளவு சொல்லியும் ஒருவர் செய்யத்தான் போகிறார் என்றால், யாருடைய சாயலும் இல்லாத, நம்மோடு முரண்படத் தெரிந்த, வெளியே போய் நாலு பேரோடு பேசு என்று சொல்லும் குணம் கொடுங்கள். அது மாறினால் மாறவிடுங்கள்.

நம்பிக்கை: குரல் கேட்டால் பேய், இல்லையென்றால் பைத்தியம்.

உண்மை: மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் பத்மாவதி, ஹேமா தரூர் முதலியோரோடு சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் அச்சானது. சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மடேயோ ஆகிய மூன்று இடங்களிலும் மனச்சிதைவு உள்ளவர்கள் 20 பேர் வீதம் பேசினார்கள். அமெரிக்காவில் குரல்கள் பெரும்பாலும் வன்முறையாக மிரட்டின. சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல்: குளி, சமை, வீட்டைப் பார் என்று பெரியவர்கள் கண்டிப்பதும் புத்தி சொல்வதும். வளர்ந்த சூழல் குரலின் குணத்தை வார்க்கிறது. இவர்கள் நோயாளிகள், கேளாமல் வந்த குரல்கள் அவை. விரும்பிப் பழகியதும் நினைத்தால் நிறுத்த முடிந்ததும் வேறு. அந்த வேறுபாடு அழிந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. மாந்திரீகரிடம் கூட்டிப்போவதும் கூடாது.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டால் நல்ல உடம்புக்காரருக்கும் இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும். ஷிப்ட் முடிந்து வந்து தூங்க வேண்டிய பகலில் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். வீட்டில் முன்பே மனநோய் வந்தவர்கள் இருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே பேசுவது நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.