காரணப்பெயர் கற்பித்த குளம்

முன்னுரை

நம் புலவர்கள் பறவைகளை நுணுகி நோக்கிப் பாடியவர்கள். சத்திமுற்றப் புலவர் தம் வறுமையை மனைவிக்கு அறிவிக்கத் தூது விடுத்தது, குமரியில் நீராடி வடதிசை மீளும் நாரையையே ஆகும். நாரைகள் வலசை போவதை அவர் கண்டறிந்திருந்தார். அப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்த எனக்கோ நாரையைக் கண்டால் அடையாளம் தெரியாது. அக்குறையை எனக்கு உணர்த்தியது ஒரு தை மாதக் காலைப்பொழுது.

கூந்தன்குளத்தில்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். அதனையும் காடன்குளத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 129 எக்டேர் பரப்பு 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் அது இடம்பெற்ற செய்தியும் வெளியாயிற்று.

மாணவர் சிலருடன் விடியலில் கரையை அடைந்தேன். நீண்ட கால்களையுடைய வெண்ணிறப் பறவைகளைச் சுட்டி, “அதோ, நாரைக் கூட்டம்!” என்றேன். அருகில் நின்ற ஊர்ப் பெரியவர் சிரித்துவிட்டார்.

“அது கொக்குல்லா சார்! பறக்கும்போது கழுத்தைப் பாருங்க. கொக்கு மடக்கிக்கிடும், நாரை நீட்டிக்கிட்டுப் போகும்.”

சற்று நேரத்தில் அவ்வாறே கண்டோம். கொக்கு கழுத்தை மடித்துப் பறந்தது; மஞ்சள் மூக்கு நாரை கழுத்தை நீட்டிப் பறந்தது. சாம்பல் நாரை என்று வழங்கப்படுவதும் கழுத்தை மடித்தே பறக்கிறது. பெயரால் நாரையாயினும் இனத்தால் அது கொக்கைச் சார்ந்ததே.

பெயரும் காரணமும்

நன்னூலார் கூறும் காரணப்பெயருக்கு வகுப்பில் ‘நாற்காலி’யையே சான்று காட்டுவோம். அன்று குளம் முழுதும் சான்றுகள் மிதந்தன. நெற்றியில் வெண்ணிற நாமம் போன்ற அடையாளமுடைய கரிய பறவை நாமக்கோழி. வாத்துகளோடு நீந்தினும் அது வாத்தன்று. நீரில் மூழ்கி மூழ்கி எழும் சிறு பறவை முக்குளிப்பான். கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாம்பென நீந்துவது பாம்புத்தாரா. கரண்டி போன்ற அலகை இருபுறமும் வீசி இரை தேடுவது கரண்டிவாயன். அகன்ற அலகால் நீரை வடித்து உண்பது தட்டைவாயன். தலையில் இரு கரும்பட்டைகள் கொண்டு, இமயத்தைக் கடந்து வரும் விருந்தினர் பட்டைத்தலை வாத்து. அலகின் வடிவை அறிந்தால் பறவையின் உணவும், உண்ணும் முறையும் விளங்கும். இவற்றை நோக்கியே மக்கள் பெயரிட்டனர்.

பறவையியலறிஞர் சாலிம் அலி (1896–1987) சிறுவனாயிருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் மஞ்சள் தொண்டை கண்டு வியந்து, அதன் இனத்தை அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். “இது என்ன?” என்ற அவ்வொரு வினாவே அவரது வாழ்நாள் ஆய்வுக்குத் தொடக்கமாயிற்று.

முடிவுரை

அவ்வூர் மக்கள் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வீட்டு மரங்களில் அவை கூடு கட்டுவதையும் மகிழ்ந்து ஏற்கின்றனர். பெயர் சொல்லி அறிந்த உயிரிடத்தே அன்பு பிறத்தல் இயல்பன்றோ! ஆனால் என்னுடன் வந்த மாணவருள், குளத்தங்கரையில் பிறந்தவர்கூட அனைத்தையும் ‘பறவை’ என்ற ஒரு சொல்லாலேயே சுட்டினர். பெரியவர்களுடன் அப்பெயர்கள் மறைந்தால், ஏட்டில் நாரை இருக்கும். அதைக் காணும் கண் இராது.

ஆதலின் மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் ஊர்க் குளத்தங்கரைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, பத்துப் பறவைகளின் பெயரையும் காரணத்தையும் எழுதி வாருங்கள். பெரியோர்களே, அவர்கள் வினவும்போது சிரித்துக்கொண்டே திருத்துங்கள். என்னைத் திருத்தியதும் அத்தகைய சிரிப்பே.