மஹல்லாவில் ஒரு சிறுவர் சங்கம்

சூரத்து யூஸுஃபை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அதில் ஓரிடத்தில் சற்று நின்று பார்ப்போம். யஃகூப் (அலை) அவர்களிடம் மூத்த புதல்வர்கள் வந்து, தம்பியை நாளை எங்களோடு அனுப்புங்கள், உண்டு விளையாடி வரட்டும், அவனுக்கு நாங்கள் காவல் என்ற கருத்தில் கேட்கிறார்கள் (12:12). விளையாட்டே கூடாது என்று அந்த நபி தடுக்கவில்லை. அவர்கள் வாய்விட்டுச் சொன்ன அச்சம் ஓநாயைப் பற்றியது. ஆனால் ஓநாய் வரவே இல்லை. காவல் என்று வாக்களித்தவர்களே பிள்ளையைக் கிணற்றில் இறக்கினார்கள்.

இதற்கு முன்னால் இன்னொரு காட்சியும் உண்டு. அந்தச் சிறுவர் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்கிறார். தந்தை சிரிக்கவில்லை, 'போய் வேலையைப் பார்' என்று விரட்டவும் இல்லை. அருமை மகனே என்று அழைத்து, கேட்டு, யாரிடம் சொல்லக்கூடாது என்றும் எச்சரிக்கிறார்கள் (12:5). நம் வீடுகளில் பிள்ளை சொல்லவரும் செய்தியை இப்படி உட்கார்ந்து கேட்பவர் எத்தனை பேர்?

அந்நியன் மிட்டாய் காட்டிக் கடத்துவான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம். மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 பிள்ளைகளிடம் கேட்டறிந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தீங்கு செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாத பிள்ளையை எப்படிச் சொல்லவைப்பது? 'உனக்கு ஏதாவது நடந்ததா?' என்று திடீரென்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. பேசிப் பழகிய பிள்ளைதான் பேசும். அதற்காகவே மஹல்லாதோறும் ஒரு சிறுவர் சங்கம் வேண்டும் என்கிறோம். மாளிகை தேவையில்லை. மக்தப் முடிந்தபின் அதே பாய், வாரத்தில் ஒரு நாள், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். தலைவரையும் செயலாளரையும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதட்டும். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தட்டும். கதை சொல்லட்டும், சிறு நாடகம் போடட்டும், படம் வரையட்டும். பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று சொல்லிப் பழகிய சிறுவனுக்கு, தனியிடத்தில் ஒருவன் கை வைக்கும்போதும் அந்தச் சொல் வாயில் வரும்.

இது வெறும் ஆசையல்ல. உகாண்டா நாட்டின் லுவேரோ மாவட்டத்தில் 42 ஆரம்பப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மாணவர் குழுக்களும் ஆசிரியர் குழுக்களும் அமைத்து ஒன்றரை ஆண்டு நடத்திப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. குழுக்கள் இல்லாத பள்ளிகளில் முந்திய ஒரு வாரத்தில் பள்ளியினரிடம் அடி வாங்கிய பிள்ளைகள் 100-க்கு 49 பேர். குழுக்கள் இருந்த பள்ளிகளில் 31 பேர்.

ஓதுகிற நேரத்தில் விளையாட்டா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரிடம், அவர் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. உம்மத்தின் சுமையைச் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில், ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடவேண்டும், இல்லையேல் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை எழுதியுள்ளார்கள். உயிருள்ளவற்றை வரையலாமா என்ற விவாதம் நீண்டது, அதில் இங்கே இறங்கவேண்டாம். வீடு, மரம், தோணி, தெரு என்று வரைந்தாலே ஒரு பிள்ளையின் ஆயுள் போதாது.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பட்டம் பெற்று வந்த புதிதில் ஒரு மக்தபில் ஓதிக்கொடுத்தோம். நம் உஸ்தாதுமார் நம்மை அடித்தார்கள், நாமும் அடித்தோம். ஒருநாள் பிள்ளைகளிடம் தாள் கொடுத்து, மக்தபை வரையுங்கள் என்றோம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பாயும் ரெஹாலும் வரைந்து, நடுவில் தரையிலிருந்து முகடு வரை ஒரு பிரம்பை வரைந்திருந்தான். 'ஹஜ்ரத்தை எங்கே காணோம்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டோம். பிரம்பைத் தொட்டு, 'இதுதான் ஹஜ்ரத்' என்றான். அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை. பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்ற ஹதீதை நாமே எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! கடுமையால் வளர்க்கப்பட்ட மாணவன் அடிக்குப் பயந்து பொய்யும் வஞ்சகமும் கற்கிறான் என்று இப்னு கல்தூன் முகத்திமாவில் எழுதியதும் படித்ததுதான். பிரம்பை விட்டோம். ஆனால் அந்தப் பையன் நம்மிடம் தானாக ஒரு வார்த்தை பேச ஏழு மாதம் ஆயிற்று.

இனி முதவல்லிகள் கவனிக்கவேண்டியது. யூஸுஃப் (அலை) அவர்களை விளையாட்டின் பெயரைச் சொல்லித்தான் அழைத்துப் போனார்கள் என்பதை மறக்கலாகாது. சங்கமே கிணறாகிவிடக் கூடாது. எப்போதும் பெரியவர் இருவர் இருக்கவேண்டும். கதவு திறந்திருக்கவேண்டும். எவரும், ஆலிமே ஆனாலும், ஒரு பிள்ளையைத் தனியறைக்கு அழைப்பதோ தனியே வண்டியில் ஏற்றிச் செல்வதோ கூடாது. பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்களைக் கொண்டு தனி நேரம் வையுங்கள். மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு நூர் அத்தியாயம் (24:58) கற்பிக்கும் ஒழுங்கை அங்கே பாடமாக்குங்கள். உடலின் மறைவிடமும் அனுமதியும் என்னவென்று புரியவைக்க அதைவிட நல்ல தொடக்கம் நாம் காணவில்லை.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால்? இங்கேதான் நம் ஜமாஅத்துகள் தடுமாறுகின்றன. மானம் போய்விடும் என்று இரு வீட்டாரையும் அழைத்துப் பேசி, கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பணத் தகராறுக்கு ஸுல்ஹு உண்டு. பிள்ளையின் உடலில் கை வைத்தவனுக்காகப் பிள்ளையின் சார்பில் மன்னிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை.

ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுப்பதா என்று அஞ்சுகிறவர்களுக்காக ஒரு விவரம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, பெற்றோரையோ பிள்ளை நம்பும் ஒருவரையோ அருகில் வைத்துக்கொண்டு, சீருடை அணியாமல்தான் வாங்கவேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரியே வரவேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையும் முகவரியையும் பத்திரிகைகள் வெளியிடவும் கூடாது.

1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். பிள்ளைகளே பேசலாம். தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் அந்த எண்ணைச் சங்கத்துப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வண்ணத்தில் எழுதட்டும்.