கேசட் மூட்டையை வாங்கிக்கொள்ளலாமா? நூலகக் கேள்வி பதில்

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமானதும் அவர் குடும்பத்தார் இரண்டு மூட்டை ஆடியோ கேசட்டுகளை எங்கள் கிளை நூலகத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சினிமாப் பாட்டு, பட்டிமன்றம், கோவில் கொடையில் அவரே பதிவு செய்த வில்லுப்பாட்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. புத்தகத்துக்கே அலமாரியில் இடமில்லை. ஏற்றுக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா ஐயா?
– நூலகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவர்களைப் பிடியுங்கள். நாடா இன்னும் சில வருடம் தாக்குப்பிடிக்கும். பாடுகிறவர் யார், எந்த ஊர்க் கொடை, எந்த வருடம் என்று சொல்லத் தெரிந்தவர்களின் ஞாபகம் அதுவரை காத்திருக்காது. ஆசிரியரின் மனைவியோ, அவரோடு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த மாணவரோ இருந்தால் ஒரு மாலை நூலகத்துக்கு வரச்சொல்லுங்கள். கேசட்டுகளை ஒவ்வொன்றாக அவர்கள் கையில் கொடுத்துக் கேட்டு எழுதுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவில் புலவர் யார், குடம் அடித்தவர் யார், எந்தச் சாமியின் கதை, முழுக்கதையா பாதியா என்பவை முக்கியம். தெரியாததைத் தெரியாது என்றே குறியுங்கள். ஊகித்து எழுதிய ஊர்ப்பெயர் பின்னால் வரும் ஆய்வாளரை வருடக்கணக்கில் திசைதிருப்பிவிடும்.

பிறகு பிரியுங்கள். கடையில் விற்ற சினிமாப் பாட்டு கேசட்டுகள் ஒரு பக்கம். ஆயிரக்கணக்கில் வெளிவந்த பதிவுகளின் இன்னொரு பிரதிக்காக உங்கள் அலமாரியை அடைக்க வேண்டாம். குடும்பத்தாரிடமே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். சிறு நிறுவனங்கள் வெளியிட்ட கிராமியப் பாட்டு, உள்ளூர்க் கோவில் பாட்டு, கதாகாலட்சேபம் போன்றவற்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அவற்றில் பல மறுபடி வெளிவந்ததே இல்லை. ஆசிரியர் தன் கையால் பதிவு செய்தவை அத்தனையும் உங்களுக்கு வேண்டியவை. உலகத்தில் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. நூலகத்துக்கு எதைச் சேர்ப்பது என்ற தேர்வில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: நாம் விட்டால் இது வேறெங்காவது கிடைக்குமா? இப்படிக் கழித்தால் இரண்டு மூட்டை ஒரு இழுப்பறைக்குள் அடங்கிவிடும்.

எதையும் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் கருவியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றின் மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் யார் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. 120 நிமிட கேசட்டில் நாடா மிக மெல்லியது, சீக்கிரம் சிக்கி அறுந்துபோகும். அதை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து ஒரே தடவை ஓட்டிப் பிரதி எடுப்பது நல்லது. ஆசிரியரின் டேப் ரெக்கார்டர் வீட்டில் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். ஓட்டுவதற்குக் கருவி இல்லாத கேசட் வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

கடைசியாக ஒரு கடிதம். நூலகத்துக்கு இவற்றை அளிக்கிறோம், பாதுகாப்புப் பிரதி எடுக்கவும் வாசகர்கள் நூலகத்துக்குள் கேட்கவும் சம்மதம் என்று குடும்பத்தாரிடம் எழுதி வாங்குங்கள். பாடியவர்களின் உரிமை தனி. அது குடும்பத்தார் எழுதிக்கொடுக்கக் கூடியதல்ல. அந்தக் குழுவினர் இருக்கிறார்கள் என்றால் தேடிப்போய்க் கேளுங்கள். தங்கள் குரல் நூலகத்தில் இருக்கிறது என்று தெரிவது அவர்களுக்கும் உரியதுதானே.

கேள்வி: இந்த மாதிரிப் பொருள்களைப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது? புத்தகத்துக்குப் போடுவது போல டூயி எண் போட வேண்டுமா?
– நூலக அறிவியல் மாணவி, திருச்சி

பதில்: வகை எண்ணை அட்டவணையில் கொடுங்கள், அலமாரியில் அதன்படி அடுக்காதீர்கள். ஒரே கேசட்டின் ஒரு பக்கம் பட்டிமன்றமும் மறுபக்கம் கோவில் சொற்பொழிவும் இருக்கும்; அதை எந்த எண்ணில் வைப்பீர்கள்? ஒலிப்பொருளுக்கு ஒரு தொடர், நிலப்படத்துக்கு ஒரு தொடர், நிழற்படத்துக்கு ஒரு தொடர் என்று பிரித்து, வந்த வரிசையில் எண் கொடுங்கள். வாசகர் அலமாரிக்குப் போய்ப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருள்கள் அல்ல இவை. அட்டவணை வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேரும். அதனால் உழைப்பு முழுவதையும் அட்டவணைக் குறிப்பில் போடுங்கள்.

தலைப்பு அச்சிடப்படாத பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் தலைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம். அட்டையில் பழைய உரிமையாளர் எழுதியிருப்பது பிழையாக இருந்தாலும் அப்படியே பிரதி செய்துவிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பொருள்வகை உருவாக்கிக்கொள்ளலாம். வெளியே இரவல் போகக்கூடியவை எவை, உள்ளேயே கேட்க வேண்டியவை எவை என்பதையும் அங்கேயே பிரித்துவிடலாம்.

கேள்வி: புத்தகங்களோடு வந்த சிடிகளைத் தொலைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். இது சரியா?
– பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை, ஈரோடு

பதில்: சரியில்லை, அம்மா. புத்தகங்கள் பயன்படுவதற்காகவே என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். சிடிக்கும் அதே விதிதான். உள்ளிருப்பதை இப்போதே பள்ளிக் கணினியில் பிரதி எடுத்து, கூடவே வந்த புத்தகத்தின் எண்ணையே கோப்புக்கும் பெயராக வையுங்கள். கணினியில் எழுதிக்கொள்ளும் வகைச் சிடிகளில் பதிவைத் தாங்கும் சாயப்பூச்சு வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். அவற்றை முதலில் எடுங்கள். சிடிமேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊராட்சி நூலகத்தில் ஊரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. வாசகர் வட்டத்தினர் சேர்ந்து லேமினேட் செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம்.
– வாசகர் வட்டச் செயலாளர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். லேமினேட் செய்தால் சூட்டில் பசை உருகிப் படத்தோடு ஒட்டிவிடும். பிறகு எந்த நிபுணராலும் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம், பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பமும் வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றுக்கு ஒன்றாகப் போட்டு, ஈரம் ஏறாத சுவரோரம் பெட்டியில் நிற்கவையுங்கள். பி.வி.சி. உறை மட்டும் வாங்காதீர்கள், அது நாளாவட்டத்தில் வாயு கசிந்து படத்தைக் கெடுக்கும். பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், படத்தின் ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

வாசகர் வட்டத்தின் ஆர்வத்தை வேறு வேலைக்குத் திருப்பலாம். பிரதிகளை எடுத்து ஊர்ப்பொதுவில் ஒரு நாள் காட்சிக்கு வைத்து, பெரியவர்களை முகம் அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தென்னிந்தியக் கோவில்களும் சிற்பங்களும். எந்த ஊர், எந்தக் கோவில் என்று குறிப்பு இருப்பதால்தான் அவற்றை வைத்து ஆய்வு செய்ய முடிகிறது. பெயர் தெரியாத மனிதர்கள் நிற்கும் பெயர் தெரியாத தெருவை வைத்து வரலாறு எழுத முடியாது.

கேள்வி: கேசட்டுகளை எல்லாம் எம்பி3 ஆக மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டோம். இனி கேசட்டுகளை அப்புறப்படுத்தலாமா? பதிப்புரிமைச் சிக்கல் வருமா?
– தனியார் அறக்கட்டளை நூலகம், கோவை

பதில்: கூடாது. எம்பி3 ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகிறது. வாசகர் கேட்கும் பிரதிக்கு அது போதும், காப்புப் பிரதிக்கு ஆகாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி பிடிக்கும், இன்றைய விலையில் அது பெரிய செலவே இல்லை. பெரிய செலவு நேரம். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒற்றை ஹார்ட் டிஸ்கை நம்பாதீர்கள். மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம், லாபநோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்து வைக்க இடம் தருகிறது. மூலத்தைக் கைவிடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். சேமிப்பதற்குத்தான் இந்த இடம். இணையத்தில் ஏற்றுவதற்கு இல்லை. நம் நாட்டில் ஒலிப்பதிவு உரிமை வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். உங்கள் அறக்கட்டளை நூலகம் சட்டத்தின் கண்ணில் பொது நூலகமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா சேர்த்த நினைவு மலர்கள், நாடக நோட்டீசுகள், கலியாண அழைப்பிதழ்கள் வீட்டில் பெட்டி பெட்டியாக உள்ளன. இவற்றை நூலகம் எதுவும் பொருட்படுத்துமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பொருட்படுத்தும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு துண்டு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுதான் அடித்தளம்.

உங்கள் ஊரில் இந்தத் தேவை இன்னும் அதிகம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, புத்தகங்களோடு வேறு பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரு கிராமத்தின் குடும்பக் கிளைகளும் தொழில்களும் இடப்பெயர்வுகளும் எழுத்தில் இருப்பது பல சமயம் அந்த நினைவு மலர்களில் மட்டும்தான். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் மின்வடிவில் ஆவணப்படுத்தி வருகிறது, அவர்களோடு பேசுங்கள். அப்பா பெட்டிகளில் வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல், எந்தப் பெட்டியில் என்ன என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிட்டுக் கொடுங்கள். ஸ்கேன் செய்து முடித்ததும் மூலங்களை எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் கொடுப்பதற்கு முன்பே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.