ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கார்

மும்பை தாராவியில் ஒரு தமிழ் இளைஞர். பல ஆண்டுகள் டாக்ஸி ஓட்டியவர். புதிதாக ஒரு வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. அது ஆட்டோமேட்டிக் கார். அதில் கிளட்ச் பெடல் கிடையாது. கியரைக் காரே மாற்றிக்கொள்ளும்.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. முதலாளி குடும்பத்தோடு லோனாவாலாவுக்குப் புறப்பட்டார். கண்டாலா மலைப்பாதையில் ஒரே நெரிசல். ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்தன. கார் பின்னால் உருளக் கூடாதே! டிரைவர் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே காரை நிறுத்தி வைத்தார். வெகுநேரம் இப்படியே போனது.

தீய்ந்த வாடை வந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்ஜின் இரைந்தது. கார் திணறியது. பின்னால் பெரிய லாரி. காருக்குள் குழந்தைகள். டிரைவருக்கு வியர்த்தது. எப்படியோ ஓரம் கட்டினார். மெக்கானிக் வேலை பார்க்கும் மாமாவுக்குப் போன் செய்தார்.

"மாமா, கியர்பாக்ஸ் போயிடுச்சா? என் வேலையும் போயிடுமா?"

"பதறாதே மாப்பிள்ளை. என்ஜின் சூடு காட்டுற முள் எங்கே நிக்குது?"

"நடுவிலேதான் மாமா."

"அப்படின்னா என்ஜினை அணைக்காதே. பிரேக்கை மிதி. ஹேண்ட் பிரேக்கை இழு. பிறகு கியரை 'பி'யில் போடு. ஆக்சிலேட்டரைத் தொடாதே. உள்ளே எண்ணெய் சுத்திச் சுத்தி ஆறும்."

சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது. கார் மெல்ல ஊர் போய்ச் சேர்ந்தது. டிரைவர் நடந்ததை மறைக்காமல் முதலாளியிடம் சொன்னார்.

மறுநாள் மாமா காரைப் பார்த்தார். கியர்பாக்ஸ் எண்ணெய் பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தது. அதை மாற்றினார்.

"இதிலே என்ஜின் எண்ணெயைச் சுழற்றும். அந்த எண்ணெயின் வேகம்தான் சக்கரத்துக்குப் போகுது. சக்கரம் நிக்கும்போது நீ ஆக்சிலேட்டரை மிதிச்சா எண்ணெய் என்ன செய்யும்? மத்தில் கடைஞ்ச மாதிரி உள்ளேயே சுழலும். அந்த விசையெல்லாம் சூடாகும். சூட்டில் எண்ணெய் கெடும். உள்ளே இருக்கும் தட்டுகள் கருகும்."

"எல்லா ஆட்டோமேட்டிக் காரும் இப்படித்தானா மாமா?"

"சில கார்களில் எண்ணெய்க்குப் பதிலா கிளட்ச் தட்டே அந்த வேலையைச் செய்யும். இப்படி நிறுத்தினா அதுவும் உரசிக் கருகும். இரண்டுக்கும் ஒரே மருந்து பிரேக்தான்!"

நினைவில் வையுங்கள்

1. ஏற்றத்தில் காரைப் பிரேக்கால் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரால் நிறுத்தாதீர்கள்.
2. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊராதீர்கள். முன்னால் சற்று இடம் விழுந்த பிறகு நகருங்கள்.
3. செங்குத்தான ஏற்றத்தில் குறைந்த கியரில் போங்கள்.
4. அளவுக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்.
5. கார் கையேட்டில் சொன்ன எண்ணெயைச் சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.
6. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினும் சூடேறியிருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

கேள்விகள்

1. டிரைவர் செய்த தவறு என்ன?
2. கார் நிற்கும்போது எண்ணெய் ஏன் சூடேறியது?
3. என்ஜினை அணைக்க வேண்டாம் என்று மாமா ஏன் சொன்னார்?