காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டர் தலையின் கசிவுச் சோதனை

மோட்டார் வண்டி எஞ்சின்கள் நீரால் குளிர்விக்கப்படுவன, காற்றால் குளிர்விக்கப்படுவன என இருவகைப்படும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குளத்தூர் ஆகிய ஊர்களில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாக்களில் பல இரண்டாம் வகையைச் சார்ந்தவை. கார்களில் இவ்வகைக்குப் பெயர் பெற்றது ஜெர்மனியில் தோன்றிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2003-ஆம் ஆண்டு ஜூலையில் மெக்சிகோவில் இதன் உற்பத்தி முடிவுற்றது. எனினும் பழைய வண்டிகளின் எஞ்சின்கள் இன்றும் பிரித்துப் புதுப்பிக்கப்படுகின்றன. அவ்வேலையில் சிலிண்டரும் அதன் தலையும் கசிவின்றிப் பொருந்துவதைச் சோதிக்கும் முறையை இங்கே காண்போம்.

இந்த எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் தனித்தனியான வார்ப்பிரும்புக் குழல்கள். இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு ஓர் அலுமினியத் தலை உண்டு. 1600 கன சென்டிமீட்டர் எஞ்சினில் இடையே கேஸ்கட் இல்லை. உலோகத்தின்மீது உலோகமே அமர்கிறது. சிலிண்டரின் உள்விட்டம் 85.5 மில்லிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 57 சதுர சென்டிமீட்டர். எரியும் வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் எனக் கொண்டால், ஒரு சிலிண்டரில் மட்டும் தலையை வெளியே தள்ளும் விசை சுமார் 2,300 கிலோகிராம் ஆகும்.

ஒரு தலையின்கீழ் உள்ள இரு சிலிண்டர்களுள் ஒன்று சிறிதே குட்டையாயினும், தலை உயரமானதன்மீது மட்டுமே நன்கு அமரும். மற்றதன் விளிம்பு வழியே வெப்ப வாயு கசிந்து அலுமினியத்தை அரித்துவிடும். நட்டுகளை மேலும் முறுக்குவது இதற்குப் பரிகாரம் ஆகாது. மென்மையான மக்னீசியக் கலவையாலான கிராங்க் பெட்டியிலிருந்து மரை பெயர்ந்துவிடும். ஆதலின் இறுக்குவதற்குமுன் அளத்தலே முறை.

முதலாவது, உறுப்புகளைக் கழுவித் துடைத்து, தலையின் இருக்கையில் கரிக்கோடு உள்ளதா என நோக்குக. அக்கோடு பழைய கசிவின் அடையாளம். வால்வு இருக்கைகளுக்கும் ஸ்பார்க் பிளக் துளைக்கும் இடையே வெடிப்பு உள்ளதா எனவும் காண்க.

இரண்டாவது, கிராங்க் பெட்டியில் அமரும் விளிம்பிலிருந்து மேல்முனை வரை ஒவ்வொரு சிலிண்டரின் உயரத்தையும் நான்கு இடங்களில் மைக்ரோமீட்டரால் அளக்க. உயரம் ஒத்தவற்றை ஒரு தலையின்கீழ் இணையாக வைக்க.

மூன்றாவது, சிலிண்டரின் மேல்விளிம்பில் நீலமையை மிக மெல்லியதாகத் தடவி, தலையில் பொருத்திச் சற்றே திருப்பி எடுக்க. இருக்கையில் முழு வட்டமாக மை பதிந்தால் பொருத்தம் நன்று. வட்டம் அறுபட்டிருந்தால் மென்மையான வால்வு கிரைண்டிங் பேஸ்ட் இட்டுச் சிறிது தேய்க்க. பின்னர் அதன் துகள் ஒன்றும் எஞ்சாதவாறு கழுவுதல் இன்றியமையாதது. எஞ்சிய துகள் பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும்.

நான்காவது, நட்டுகளை ஒரே முறையில் இறுக்காமல், குறித்த வரிசைப்படி முதலில் சுமார் 1 மீட்டர்-கிலோகிராமுக்கும், பின்னர் முழு அளவுக்கும் டார்க் ரென்ச்சினால் இறுக்குக. 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 3.2, 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 2.5 மீட்டர்-கிலோகிராம் முழு அளவாகும்.

எஞ்சினைப் பூட்டியபின் அமுக்கச் சோதனை செய்க. ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைந்தால், எண்ணெய் ஊற்றிச் சோதிக்கும் வழக்கமான முறை இங்கு அவ்வளவு பயன்படாது. படுத்த சிலிண்டரில் எண்ணெய் கீழ்ப்புறமே தங்கும். பிஸ்டன் மேல்முனையில் நின்று இரு வால்வுகளும் மூடியிருக்க, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திச் செவிமடுக்க. கார்புரேட்டரில் ஒலி கேட்டால் உள்வால்வும், புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வும், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் வளையங்களும் குறையுடையன. குளிர்த்தகடுகளுக்கிடையே சீறல் கேட்டால் தலையின் பொருத்தமே குற்றம். சோப்பு நீர் தடவினால் அவ்விடத்தில் குமிழி எழும்.

ஒற்றைச் சிலிண்டர் கொண்ட ஆட்டோ ரிக்‌ஷா எஞ்சினில் உயர வேறுபாடு என்னும் தொல்லை இல்லை. பொதுவாக இடையே கேஸ்கட்டும் உண்டு. ஆயினும் தலையின் பரப்பு சமதளமாயிருத்தலும், படிப்படியாக இறுக்குதலும், இறுதியில் காற்றால் சோதித்தலும் அதற்கும் பொருந்தும். சோதனைக்குச் செல்வது சில மணி நேரமே. அதை விடுத்தால் தலையையே மாற்ற நேரிடும்.