பூப்படையாத பெண்ணும் ஊரின் கடமையும்

ஸ்ரீவைகுண்டம் அணையின் கால்வாய்களைக் கொண்டு பயிரிடும் நாம் அறிந்த உண்மை ஒன்றுண்டு. மடை அடைபட்டால் நீர் பின்னே தேங்கும். வாய்க்காலே வெட்டப்படாத இடத்தில் நீர் வாராது. இரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறு. பெண்களின் உடலில் பிறவியிலேயே நேரும் சில குறைகளும் இத்தகையனவே.

15 வயதாகியும் பெண் பூப்படையாவிடில் காரணங்கள் பல இருக்கலாம். சிலருக்குக் கன்னிச்சவ்வு முற்றிலும் மூடியிருக்கும். மாதந்தோறும் வயிற்றுவலி வரும். உதிரம் வெளிவராது உள்ளே தேங்கும். இத்தகையோரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்; சிறு அறுவைச் சிகிச்சையால் இக்குறை நீங்கும். வேறு சிலர், ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவர், கருப்பையும் யோனிக்குழலும் வளர்ச்சியுறாமலே பிறக்கின்றனர். இவர்களுடைய சூலகங்கள் செவ்வனே இயங்குவதால் ஏனைய பெண்மை வளர்ச்சி குன்றுவதில்லை. சிலருக்குச் சிறுநீரகம் ஒன்றே இருக்குமாதலால் அதனையும் ஸ்கேன் மூலம் பார்த்தல் நலம். கிரகண தோஷமோ, தாய் உண்ட உணவோ இதற்குக் காரணமன்று.

இப்பெண்களுக்குத் தாம்பத்திய இன்பம் இல்லையென எண்ணுவது தவறு. புற உறுப்புகள் இயல்பாகவே இருப்பதால் இன்பமுணரும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. வழவழப்பான சிறு உருளைக் கருவியை மருத்துவர் கற்பித்தபடி நாள்தோறும் மெல்ல அழுத்திவரின், சில மாதங்களில் பாதை உருவாகும். 1938-இல் பிராங்க் என்ற மருத்துவர் எடுத்துரைத்த இம்முறை, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயனளிக்கிறது. இது பயன்படாதபோதே அறுவைச் சிகிச்சை. எப்போது தொடங்குவது என்பதை, வயது முதிர்ந்தபின், அப்பெண்ணே தீர்மானிக்கவேண்டும். பெற்றோரோ மணமகன் வீட்டாரோ அவசரப்படுத்தலாகாது.

மகப்பேற்றிற்கும் வழி உண்டு. கருப்பையின்றிப் பிறந்த பெண்ணொருவர், மாற்றுக் கருப்பை பொருத்தப்பெற்று 2014-இல் சுவீடனில் குழந்தை ஈன்றார். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டம், கருப்பையில்லாத மணமான பெண்ணுக்கு நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது. தத்தெடுத்தலும் உண்டு.

எனினும் மருந்தால் தீராத நோயொன்று ஊரில் உள்ளது. "இருசி" என்ற சொல்லே அது. அதற்கஞ்சிப் பெற்றோர் மகளை மறைக்கின்றனர். "கலியாணமானால் சரியாகும்" என்று உண்மையை ஒளித்து மணம் முடிக்கின்றனர். பின்னர் அவள் பிறந்தகத்திற்கே திருப்பியனுப்பப்படுகிறாள். அவளது சம்மதத்துடன், மணமகனிடம் முன்னதாகவே உண்மையைக் கூறுதல் இருவருக்கும் நன்மையாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! இவ்விஷயம் மன்றத்தில் பேசுவதற்குரியதன்று. கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல வழிகாட்டுங்கள். இழிசொல் எழுமிடத்தில் அதனைத் தடுத்து நிறுத்துங்கள். ஒரு பெண்ணின் வாழ்வைக் காப்பதும் ஊர்ப்பணியே.